போர்டம்மா எடுத்த கறுப்புக் காய்

இதை எழுத எனக்கு நாற்பது வருசத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. எத்தனையோ தடவை நோட்டை எடுத்து, பிள்ளையார் சுழி போட்டு, கீழே "போர்டம்மா" என்று எழுதியிருக்கிறேன். அதோடு கை நின்றுவிடும். அந்தப் பக்கத்தில் பிறகு மளிகைச் சாமான் எழுதுவார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், அதனால் எழுத வரவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். காரணம் அதுவல்ல. அந்த அம்மாளைப் பற்றி உள்ளதை எழுதினால் என்னைப் பற்றியும் உள்ளதை எழுத வேண்டிவரும். அதற்குத்தான் பயந்தேன்.

இந்த வருசம் எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளையடித்து, சுவரில் அம்மன் செய்த அற்புதங்களை எழுதி வைக்கப் போகிறார்கள். அதில் ஓர் அற்புதம் என் பேரில் இருக்கிறது. என் பேரைப் போட சம்மதம் கேட்டு இரண்டு பேர் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததுதான் இது.

எழுபதுகளில் ஏற்காட்டு மலையில் அஞ்சு காப்பி எஸ்டேட்காரர்கள் சேர்ந்து தங்களுக்குள் ஒரு டெலிபோன் லைன் போட்டிருந்தார்கள். நான் அதில் லைன்மேன். கம்பம் கம்பமாக நடந்து, கம்பி அறுந்திருந்தால் கட்டுவது, கிளை சாய்ந்திருந்தால் வெட்டுவது என் வேலை. எல்லாக் கம்பியும் ஓர் எஸ்டேட் ஆபீசின் பின்னறையில் இருந்த மரப் பலகைக்கு வந்து சேரும். இருபத்து நாலு லைன். முதலாளிமார் பங்களா, மேனேஜர் ஆபீஸ், தொழிலாளிகளுக்கு வேலை பிரித்துக்கொடுக்கிற ரைட்டர்கள், பழம் அரைக்கிற ஆலை, டாக்டர் பங்களா. யார் கைப்பிடியைச் சுற்றினாலும் பலகையில் ஒரு சின்னத் தகடு டக்கென்று விழும். யார் வேண்டும் என்று கேட்டு, ஒயரைச் செருகிச் சேர்த்துவிடுகிறவர்தான் நான் சொல்கிற அம்மாள். பேர் இருந்தது. நான் எழுதப் போவதில்லை. மலை முழுக்க அவரை போர்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவருக்கும் என் வயசுதான் இருக்கும். ஒல்லியான ஆள். வெயில் காலத்திலும் ஒரு பழுப்பு ஸ்வெட்டர். காலையில் ஏழு மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பார். சாப்பிடும்போதும் ஒரு காதில் டெலிபோன் குழாய் இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அந்தப் பலகையைப் பார்த்தேன். ஒவ்வொரு தகட்டுக்கும் கீழே, மரச்சட்டத்தில் சோழி அளவுக்கு ஒரு குழி. குழிக்குள் காப்பிக் காய். சிலதில் பச்சைக் காய், சிலதில் சிவந்த பழம், சிலதில் காய்ந்து கறுத்த பழம். ஒன்றிரண்டு குழி காலி. நான் என்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"ஏனுங்க லைன்காரரே, எதுக்குக் கன்னத்துல போடறீங்க?"

"நவக்கிரகமாட்ட இருக்குதுங்களே."

"கிரகமெல்லாம் இல்லீங்க. மனுசங்கதான். பச்சைன்னா ஆளு எடத்துல இருக்காரு, கூப்புடலாம். செவப்புன்னா இருக்காரு, கையில வேலை, அவசரம்னா மட்டும் கூப்புடலாம். கறுப்புன்னா ஊர்ல இல்ல."

"காலியா இருக்கறது?"

"எனக்குத் தெரியாது."

அந்தப் பதிலை அவர் சொன்ன விதம் எனக்குப் புதுசாக இருந்தது. எங்கள் மலையில் தெரியாது என்று சொல்கிறவரை நான் பார்த்ததில்லை. பஸ் எப்போ வரும் என்று கேட்டால், தெரியாதவர்கூட இப்ப வந்துரும் என்பார். இவர் தெரியாததற்கும் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தார். பழம் கிடைக்காத மாசங்களில் சிவப்புச் சேலைக் கிழிசலை உருண்டையாக முடிந்து பழத்துக்குப் பதில் வைப்பார். பச்சைக் காய் வாடிவிடும் என்று தினமும் மாற்றுவார்.

இடத்தை விட்டுக் கிளம்புகிறவர்கள் அவருக்கு ஒரு மணி அடித்துச் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இதை அவர் சட்டமாகப் போடவில்லை. எப்படியோ பழக்கமாகிவிட்டது. அஞ்சு எஸ்டேட் முதலாளிகளில் நாலு பேர், "கிளம்பறேன் போர்டம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறுவார்கள். லைனில் நடக்கிற நானும் வழியில் பார்த்ததைச் சொல்வேன். யார் சொன்னாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "கண்ணால பாத்தீங்களா, காதால கேட்டீங்களா?" காதால் கேட்டதற்குக் காய் கிடையாது. குழி காலியாகத்தான் இருக்கும்.

போர்டு இருந்த எஸ்டேட்டின் மேனேஜரோடு அவருக்கு வந்த தகராறை அந்தக் காலத்து ஆட்கள் எல்லோரும் சொல்வார்கள். மேனேஜர் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து மருந்தடிக்கிற மெஷினை இரவல் வாங்கி, மூணு மாசமாகத் திருப்பித் தரவில்லை. பக்கத்து எஸ்டேட் முதலாளி தினமும் போன் பண்ணினார். மேனேஜர் போர்டு அறைக்கே வந்துவிட்டார். நான் அப்போது ஒயர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"என் குழியில கறுப்பு வெச்சிரும்மா. ரெண்டு நாளைக்கு நான் ஊர்ல இல்ல."

"இருக்கறீங்களே."

"இருந்தா என்ன? இல்லைன்னு வெய்யி."

"செவப்பு வெக்கறனுங்க. ஐயா இருக்காரு, இப்பப் பேசத் தோதில்லைன்னு சொல்றனுங்க. கறுப்பு வெக்க மாட்டனுங்க."

"நீ என்ன கோர்ட்டா?"

"போர்டுங்க."

மேனேஜர் முகம் போன போக்கைப் பார்க்காமல் நான் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே போர்டம்மாவுக்கு வேலை போயிருக்க வேண்டியது. பக்கத்து எஸ்டேட் முதலாளி கூப்பிட்டார். "இருக்காருங்க, பேசத் தோதில்லீங்க" என்றார் போர்டம்மா. அந்த முதலாளி சிரித்துவிட்டார். "அப்ப மெஷினும் அங்கதான் இருக்கு" என்று சொல்லி டிராக்டரை அனுப்பி எடுத்துக்கொண்டு போனார். மேனேஜர் ஒரு வாரம் போர்டம்மாவிடம் பேசவில்லை. அதற்குப் பிறகு, பேச இஷ்டமில்லாத நாளில் அவரே போன் பண்ணி, "எனக்கு இன்னிக்குச் செவப்பு" என்று சொல்ல ஆரம்பித்தார்.

இன்னொன்று இதைவிடப் பெரிசு. மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு ரைட்டர். சம்சாரம் திடீரென்று போய்ச் சேர்ந்துவிட்டாள். காரியம் முடிந்து வேலைக்கு வந்தார். ஆபீசில் உட்கார்ந்திருப்பார், போன் அடித்தால் எடுக்க மாட்டார். போர்டம்மா அவர் குழியில் பச்சைதான் வைத்திருந்தார். எல்லோரும் சண்டைக்கு வந்தார்கள்.

"பச்சைங்கறீங்க, மனுசன் எடுக்கவே மாட்டேங்கறாரே?"

"பச்சைன்னா ஆளு இருக்காருன்னு சொன்னனுங்க. எடுத்தாகோணும்னு நான் சொல்லலீங்க."

அவரிடம் சொல்ல வேண்டிய வேலைச் சேதியையெல்லாம் சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்தனுப்புவார். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மட்டும் அவர் லைனில் ஒரே ஒரு சின்ன மணி அடிப்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். எதற்கு என்று கேட்டேன்.

"எடுக்கறதுக்கு இல்லீங்க. இங்க ஒருத்தி இருக்கான்னு அவருக்குத் தெரியோணும்ல."

ஒன்றரை மாசம் இப்படி. ஒருநாள் அஞ்சு மணிக்கு அந்தத் தகடு டக்கென்று விழுந்தது. போர்டம்மா குழாயை எடுத்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ. இவர், "சரிங்க ரைட்டரே. நாளைக்குப் பேசலாங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த லைனை எடுத்தார்.

இப்போது என் மருமகள் கைபேசியில் தன் தம்பி பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டு, "ஆன்லைன்ல இருக்கான் மாமா, எனக்குப் பதில் போட மாட்டேங்கறான்" என்று கண் கலங்குகிறாள். நான் அவளுக்கு இந்த ரைட்டர் கதையைச் சொன்னேன். புள்ளி அவன் மனசைப் பார்த்து எரியவில்லை கண்ணு, கையில் போன் இருப்பதைப் பார்த்து எரிகிறது என்றேன். அந்தப் புள்ளியை வைக்கிற இடத்தில் போர்டம்மா மாதிரி ஓர் ஆள் இல்லை, அதுதான் குறை.

இனி என் சங்கதி.

அன்றைக்கு ஆடி வெள்ளி. மலையெங்கும் மேகம் இறங்கிக் கிடந்தது. என் மூத்த பெண்ணுக்கு அம்மை போட்டு இறங்கியிருந்தது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டியிருந்தேன். லீவு கேட்டால் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை. லைனில் நடப்பதாகச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டால் மேகத்தில் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். எங்களுக்கு ஒரு முறை உண்டு. குறிப்பிட்ட கம்பங்களில் ஏறி, தோளில் தொங்குகிற டெஸ்ட் போனைக் கம்பியில் மாட்டி, இன்ன கம்பம், லைன் சரி என்று போர்டுக்குச் சொல்ல வேண்டும். கோயிலுக்குப் பின்னால் ஒரு கம்பம் இருந்தது. அதில் ஏறி மாட்டி, வேறொரு கம்பத்தின் நம்பரைச் சொன்னேன்.

"நாப்பத்திரண்டாம் கம்பம், குப்பனூர் ரோட்டு வளைவு. லைன் சரிங்க."

"சரிங்க. ஏனுங்க, அந்த வளைவுல டாக்டரு ஜீப்பு எறங்குச்சுங்களா? இன்னிக்குச் சேலம் போறன்னு நேத்துச் சொன்னாரு. காலையில கெளம்பறன்னு ஒரு வார்த்தை சொல்லல."

அஞ்சு எஸ்டேட்டுக்கும் அவர் ஒருவர்தான் டாக்டர். அவர் சேலம் போகிறார் என்று முந்தின நாள் எனக்கும் காதில் விழுந்திருந்தது. போயிருப்பார் என்றுதான் நினைத்தேன். இல்லை என்று சொன்னால் இன்னும் நாலு கேள்வி வரும். கீழே கூழ் கொதித்துக்கொண்டிருந்தது.

"எறங்கிருச்சுங்க. இப்பத்தான்."

"கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தனுங்க."

அவர் கறுப்பு வைத்தார்.

நான் கூழ் ஊற்றி, தீர்த்தம் வாங்கி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு மத்தியானம் ரெண்டரை மணிக்குப் போர்டு அறைக்குக் கையெழுத்துப் போட வந்தேன். உள்ளே நுழையும்போதே கொட்டச்சேட்டுப் பக்கத்து ரைட்டரின் தகடு விழுந்தது. அந்த ரைட்டர் குழாயில் கத்தியது எனக்கே கேட்டது. காப்பிக்கு நிழல் தருகிற மரத்தில் கிளை கழித்துக்கொண்டிருந்த ஆள் வழுக்கி விழுந்துவிட்டான். கையிலிருந்த அரிவாள் தொடையில் இறங்கியிருக்கிறது. ரத்தம் நிற்கவில்லை. லாரி தயாராக நிற்கிறது. கீழே குப்பனூர் வழியாகச் சேலம் போகட்டுமா, மேலே டாக்டர் பங்களாவுக்குப் போகட்டுமா?

கொட்டச்சேட்டிலிருந்து டாக்டர் பங்களா இருபது நிமிசம். சேலம் ஆஸ்பத்திரி ஒன்றரை மணி நேரம். மேலே போய் டாக்டர் இல்லாவிட்டால் திரும்பி இறங்குவதற்குள் ஆள் போய்விடுவான். டாக்டர் இருந்து, கீழே கொண்டுபோனாலும் அதே கதிதான்.

"துண்டால தொடைய இறுக்கிக் கட்டுங்க. லாரியில ஏத்துங்க. லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு, போர்டம்மா டாக்டர் லைனில் மணி அடித்தார். விட்டுவிட்டு அடித்தார். யாரும் எடுக்கவில்லை. கறுப்புக் காயைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஜீப்பக் கண்ணால பாத்தீங்கதான?"

அந்த ஒரு நொடியில் நான் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். நெற்றியில் அம்மன் குங்குமம் காயவில்லை. வேலை போய்விடும், ரெண்டு பிள்ளைகள் என்று மனசு ஓடியது. ஒருத்தன் உயிர் போகிறது என்று ஓடவில்லை.

"பாத்தனுங்க" என்றேன்.

அவர் பலகைப் பக்கம் திரும்பினார். கறுப்புக் காயை விரலால் எடுத்து மேசைமேல் வைத்தார். பச்சையும் வைக்கவில்லை, சிவப்பும் வைக்கவில்லை. குழியைக் காலியாக விட்டார். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னைத் திட்டியிருந்தால்கூட அப்படிக் கூசியிருக்க மாட்டேன்.

டாக்டர் பங்களாவுக்குக் கூப்பிடு தூரத்தில் பழம் அரைக்கிற ஆலை. அங்கே இருந்த மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"மேஸ்திரி, டாக்டரு ஊட்டு வாசல்ல ஜீப்பு நிக்குதான்னு பாருங்க."

"மேகம் அப்பிக் கெடக்குது போர்டம்மா. என் கையே எனக்குத் தெரியல."

"செரி, கண்ணு வேண்டாம். ஆலை வாசல்ல நின்னு ஒரு சத்தம் குடுங்க. நாய் கொலைக்குதான்னு கேளுங்க."

மேஸ்திரி ஓ என்று கத்தியது எங்களுக்குக் குழாயில் கேட்டது. அப்புறம் அவர் திரும்ப வந்தார்.

"கொலைக்குதுங்க. விடாமக் கொலைக்குது."

"அப்ப அவரு இருக்காரு. நாய முன் சீட்டுல வெக்காம அவரு ஜீப்ப எடுத்ததே இல்ல. ஓடிப் போயிக் கதவத் தட்டுங்க மேஸ்திரி. ஒடைச்சாலும் பரவால்ல, நான் சொல்லிக்கறன்."

அடுத்த நொடி கொட்டச்சேட்டு ரைட்டரிடம், "லாரி மேல போகட்டும்" என்றார். லாரி கிளம்பிவிட்டது. இனி அதைத் திருப்ப ஒரு வழியும் கிடையாது. அது போய்ச் சேருகிற வரைக்கும் அவரும் நானும் அந்தக் காலிக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் மாரியம்மனை எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

டாக்டர் வீட்டில்தான் இருந்தார். அவருக்கே காய்ச்சல். சேலம் போகவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு பின்னறையில் ரெண்டு கம்பளிக்குள் தூங்கியிருக்கிறார். மேஸ்திரி ஜன்னலைத் தட்டி எழுப்பினார். காய்ச்சலோடேயே எழுந்து தையல் போட்டார். ஆள் பிழைத்தான்.

டாக்டரே போன் பண்ணிச் சொன்னார். போர்டம்மா கேட்டுக்கொண்டு, அவர் குழியில் சிவப்பு உருண்டையை வைத்தார். வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"நாப்பத்திரண்டாம் கம்பத்துகிட்ட யாருங்க பம்பை அடிச்சாங்க?"

கோயிலில் அடித்த பம்பை மேளச் சத்தம் டெஸ்ட் போன் வழியாக அவர் காதுக்குப் போயிருக்கிறது. நான் சுவரோடு உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன்.

"கோயிலுக்குப் போறன்னு சொல்லியிருந்தீங்கன்னா போயிட்டு வாங்கன்னிருப்பேன். சாமி கும்புடறது குத்தமா?" என்றார். பிறகு, "காலையிலயே எனக்குப் பம்பை கேட்டுச்சுங்க. ஆறு வருசமா ஒரு நாளும் தப்பாச் சொல்லாத ஆளாச்சேன்னு, துருவாம கறுப்பு வெச்சுட்டேன். அது என் தப்பு" என்றார்.

என் பொய்யில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இத்தனை வருசத்தில் எத்தனையோ சாமியார்களைக் கும்பிட்டிருக்கிறேன். ஒரு மனுசிக்கு முன்னால் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம்தான் கதை வேறு மாதிரி ஆனது. தொழிலாளிகள் குடியிருக்கிற லைன் வீடுகளில் பேச்சு கிளம்பியது. லைன்மேன் கூழ் ஊற்றிவிட்டுக் குங்குமத்தோடு நேராக வந்தாராம். அவர் உள்ளே கால் வைத்ததும் போர்டம்மா கறுப்பை எடுத்தாராம். டாக்டர் இருக்கிறார் என்று அம்மன்தான் லைன்மேன் வாயில் வந்து சொன்னாளாம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "வேலை நேரத்துல கோயிலுக்குப் போனது தப்புதான், ஆனா சாமி காரியம்" என்று விட்டுவிட்டார். பிழைத்தவன் நொண்டிக்கொண்டே வந்து என் காலில் விழுந்தான். வருசா வருசம் ஆடியில் ஒரு பலாப்பழம் கொண்டுவந்து வைப்பான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் வருசம் பாதிப் பழத்தைப் போர்டம்மாவுக்குக் கொண்டுபோனேன்.

"ஏனுங்க, ஊரே இப்படிப் பேசுதே, நீங்க ஒண்ணும் சொல்லலீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமான்னு யாருகிட்டயும் சொல்லலீங்க. நெசத்தச் சொன்னா உங்க பொழப்புப் போயிரும். அதச் சொல்ல வேண்டியவரு நீங்க. எப்பத் தோணுதோ சொல்லுங்க." ஒரு சுளையை வாயில் போட்டு, "பழம் நல்லாருக்குதுங்க" என்றார்.

எண்பதுகளின் கடைசியில் அரசாங்க டெலிபோன் எல்லா எஸ்டேட்டுக்கும் வந்துவிட்டது. பலகையைக் கழற்றி எங்கோ போட்டார்கள். போர்டம்மா மலையிறங்கிக் கீழ்நாட்டில் தங்கச்சி வீட்டுக்குப் போனார். அவர் காலமானதுகூட எனக்கு நாலு வருசம் கழித்துத்தான் தெரிந்தது. பலாப்பழம் கொண்டுவந்தவனும் போன வருசம் போய்ச் சேர்ந்தான், கடைசி வரைக்கும் என்னைக் கும்பிட்டுக்கொண்டே. அவன் பிள்ளைகள்தான் கோயில் சுவரில் எழுதக் கேட்டு வந்தார்கள்.

அம்மன் அன்றைக்குப் பேசவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பேசியிருப்பாள். ஆனால் அவள் எடுத்துக்கொண்ட வாய் என் வாய் அல்ல. அந்தப் பழுப்பு ஸ்வெட்டர் போட்ட அம்மாளுடையது. சுவரில் என் பேர் வேண்டாம்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கொட்டச்சேட்டிலும் மஞ்சக்குட்டையிலும் சொல்லுங்கள். போர்டம்மாவுக்கு நடக்கப்போவது முன்கூட்டியே தெரிந்தது என்று சேர்க்காதீர்கள். அவருக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டுதான் தேடினார். வயசானவர், பாவம் என்று என் பங்கைக் குறைக்கவும் வேண்டாம். கண்ணால் பார்த்தீர்களா என்று ரெண்டு தடவை கேட்டார், ரெண்டு தடவையும் நான் பொய் சொன்னேன். அதை ஒரு தடவை என்றுகூட ஆக்கிவிடாதீர்கள்.